என் நம்பர் வேணாம்க்கா

என் நம்பரெல்லாம் போட மாட்டேன்க்கா. பக்கத்து வீட்டு அம்சவேணி சொல்லித்தானே வந்தீங்க? 'கொளஞ்சித் தம்பிகிட்ட போ, எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும், போன் நம்பர்கூட அதோடதையே போட்டுக்கும்'னு சொல்லியிருப்பாங்க. அது பழைய கதை. போன வருஷம் ஆவணியோட அந்தக் கதை முடிஞ்சுபோச்சு. இப்ப யாரு அப்ளிகேஷனோ அவுங்க நம்பர்தான். பொண்ணுக்குப் போடறீங்களா, அப்ப பொண்ணு நம்பர்.

போன் பொண்ணுகிட்ட இருக்கா? ஜவுளிக்கடையில ஒரு மணிக்குத்தான் சாப்பாட்டுக்கு விடுவாங்களா? பரவால்ல, உக்காருங்க. அந்த ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. இந்தப் பக்கத்து ஃபேன் சுத்தும், காத்து வராது. சர்டிஃபிகேட்டெல்லாம் இங்க கொடுங்க, அதுக்குள்ள ஸ்கேன் பண்ணி வெச்சிடறேன்.

எத்தன வருஷமா இங்க வேலை பாக்கறேனா? நான் இங்க வேலை பாக்கலக்கா. வேலை தேடிக்கிட்டிருக்கேன். கடை சலாவுதீன் பாயோடது. நான் சும்மா வந்து உக்காந்திருக்கேன், அவ்வளவுதான். காலையில ஒம்போது மணிக்கு ஷட்டரைத் தூக்குவேன், ஏன்னா சாவி எங்கிட்ட இருக்கு. கூட்டுவேன், ஏன்னா குப்பையில உக்கார முடியாது. சாயங்காலம் பூட்டிட்டுப் போவேன், தொறந்து போட்டுட்டுப் போக முடியுமா? மத்தியானம் பாய் வீட்டுலேருந்து சாப்பாடு வரும். மாசக் கடைசியில பாய் ஒரு கவரைக் கையில திணிப்பாரு. அதைச் சம்பளம்னு சொன்னா எங்கம்மா சாப்புடாது. எம்புள்ள பி.எஸ்ஸி. கணக்கு, கம்ப்யூட்டர் கடையில ஆளா இருக்கான்னு எப்படி வெளிய சொல்றதுங்கும். அதனால நான் சும்மா உக்காந்திருக்கேன். ஒம்போது வருஷமாச் சும்மா உக்காந்திருக்கேன்.

அதுக்கு முன்னாடி எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன்க்கா. எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல பதிஞ்சேன். மூணு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும். என் வாழ்க்கையில நான் தவறாமப் புதுப்பிச்ச ஒரே விஷயம் அதுதான். சென்னைக்குப் போனேன், ஒரு ரூம்ல ஏழு பேரு. ஒரே ஒரு அயர்ன் பண்ணின சட்டை, யாருக்கு இன்டர்வியூவோ அவன் போட்டுக்குவான். அன்னைக்கு எனக்குன்னு பாத்துச் சட்டை பெருசா இருந்துச்சு. உள்ள இருந்த ஆளு இங்கிலீஷ்ல 'உங்களைப் பத்திச் சொல்லுங்க'ன்னாரு. எனக்கு என்னைப் பத்தி ஒண்ணும் தோணலக்கா. சட்டையத் திருப்பி வாங்கிக்க வெளியில காத்திருந்தானே அதோட சொந்தக்காரன், அவனைப் பத்திக் கேட்டிருந்தா அரைமணி நேரம் பேசியிருப்பேன். நல்ல பையன் அவன். அவனுக்குத்தான் வேலை கெடச்சுது.

திரும்பி வந்தேன். அரசாங்க வேலைக்குப் போடுவோம்னு இந்தக் கடைக்கு வந்து உக்காந்தேன். பக்கத்துல ஒரு பையன் போட்டோ ஏறலைன்னு முழிச்சுக்கிட்டிருந்தான். 'அம்பது கேபிக்குள்ள இருக்கணும் தம்பி, ரெண்டு காதும் தெரியணும்'னு சொல்லி நானே சரி பண்ணிக் கொடுத்தேன். அவ்வளவுதான், மாட்டிக்கிட்டேன். மறுநாள் அவன் தங்கச்சியக் கூட்டியாந்தான். அவ கூடப் படிச்ச நாலு பேரக் கூட்டியாந்தா. எந்த வேலைக்குக் கடைசித் தேதி என்னைக்கு, எதுக்குச் சாதிச் சான்றிதழ் வேணும், எதுல கையெழுத்துக் கருப்பு மையில போடணும், கேளுங்க, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் கையால போட்டு வேலைக்குப் போனவங்க இன்னைக்கு வரைக்கும் பத்தொம்போது பேரு. பத்தொம்போது தடவ ஸ்வீட் தின்னுருக்கேன். நீங்களே பாக்கறீங்கல்ல, தொப்பைய. வேலையில்லாதவனுக்குத் தொப்பை எப்படி வந்துச்சுன்னு ஊர்ல கேக்கறாங்க. அடுத்தவன் வேலையில வந்ததுதான்.

நம்பர் விஷயத்துக்கு வர்றேன். நம்ம சனங்க போன் நம்பர் எத்தன நாளைக்கு ஒரே நம்பரா இருக்கு? ரீசார்ஜ் பண்ணலைன்னா போச்சு. ஆஃபர்ல சிம்மு கொடுத்தா மாத்திடறாங்க. இமெயில்னா இட்லியாம்பாங்க. அதனால எல்லாருக்கும் என் நம்பரையே போட்டேன். ஹால் டிக்கெட் வந்தா எனக்கு வரும், ரிசல்ட் வந்தா எனக்கு வரும். நான் ஆளத் தேடிப் போயிச் சொல்லுவேன். பஸ் ஸ்டாப்புல நின்னா நாலு பேரு சுத்திக்குவாங்க. 'கொளஞ்சி, எனக்கு ஏதாச்சும் வந்துச்சா?' ஒரு நாளைக்கு முப்பது மெசேஜ் வரும்க்கா. எவனாச்சும் என் போனைத் திருடிப் பாத்திருந்தா, இவன் பெரிய அதிகாரி போலன்னு திருப்பிக் கொண்டாந்து கொடுத்திருப்பான்.

வீட்டுல எங்கம்மா. அது முந்திரிக்கொட்டை ஒடைக்கப் போவுது. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஒடைச்சு ஒடைச்சுக் கொட்டைப்பால் பட்டு வெரல்ல ரேகையே இல்ல. ரேஷன் கடை மிஷின்ல கையை வெச்சா ஏத்துக்காது. அதுக்காகவே அதுக்கு ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுத்தேன், ஓடிபி வந்தா அரிசி போடுவாங்கன்னு. அது என் போன்ல டிங்குன்னு சத்தம் கேட்டாப் போதும், அடுப்பை விட்டுட்டு ஓடியாரும். 'தம்பி, உனக்கு வேலை வந்துருச்சாடா?' ஒரு நாளைக்கு முப்பது தடவை ஓடியாரும். மொதல்ல சிரிச்சுக்கிட்டே 'இல்லம்மா'ன்னேன். அப்புறம் சிரிக்காம 'இல்ல'ன்னேன். கடைசியில 'சும்மா இரு'ன்னு ஆயிப்போச்சு.

எனக்காக பிராதுகூடக் கட்டுச்சுக்கா. நம்ம கொளஞ்சியப்பர் கோயில்ல குறையை வெள்ளைத்தாள்ல எழுதி மடிச்சு முனியப்பர் முன்னாடி வேல்ல கட்டுவாங்கல்ல, அதான். எழுதத் தெரியாதுன்னு என்னையே எழுதச் சொல்லுச்சு. பேரு, ஊரு, தகப்பன் பேரு எல்லாம் எழுதினேன். பழக்கதோஷம், கீழ 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என உறுதியளிக்கிறேன்'னு போட்டுக் கையெழுத்தும் போட்டுட்டேன். அங்க ஒரு எடத்துலதான் ஓடிபி கேக்கல.

அப்பத்தான் ஒரு ஆபீஸ்ல ரெக்கார்ட் கிளார்க் வேலைன்னு வந்துச்சு. எந்த ஆபீஸ்னு கேக்காதீங்க. பரீட்சை கிடையாது. பத்தாவது மார்க்கை மட்டும் பாத்து எடுப்பாங்க. பரீட்சை கிடையாதுன்னதும் ஊரே கெளம்பி வந்துருச்சு. கடைசி நாளு இங்கேருந்து தெருமுனை பேக்கரி வரைக்கும் வரிசை. நான் வழக்கமா ஒரு பெரிய நோட்டுல பேரு, விண்ணப்ப நம்பர் எல்லாம் எழுதி வெப்பேன். அன்னைக்கு எழுத நேரமில்ல. நாலு மணிக்குப் பிரிண்டர்ல பேப்பரும் தீந்துருச்சு. எல்லாரும் போனப்புறம், மூடறதுக்கு ஆறு நிமிஷம் இருக்கறப்ப எனக்கும் ஒண்ணு போட்டேன். சாப்பாட்டுக்கு உக்காந்தவன் கடைசியில ரசத்தைக் குடிக்கிற மாதிரி, வந்ததுக்கு ஒரு பழக்கத்துல போட்டது. பிரிண்ட் எடுக்கல, நோட்டுலயும் எழுதல. மறந்தும்போயிட்டேன்.

மூணு மாசம் கழிச்சு ஆவணியில மெசேஜ் வந்துச்சு. 'நாலு நாலு ஒண்ணு ஏழுன்னு முடியற விண்ணப்பம் தேர்வாகியிருக்கு. பத்து நாளுக்குள்ள அசல் சான்றிதழ் எல்லாத்தையும் ஏத்தணும். தவறினா அடுத்த ஆளுக்குப் போயிரும்.' பேரு கிடையாதுக்கா. நாலே நம்பர்.

நோட்டைப் பொரட்டினேன், அதுல இல்ல. அப்ப கடைசி நாள் வந்த கூட்டத்துல ஒருத்தருக்குத்தான் அடிச்சிருக்கு. ஒருத்தன் வாழ்க்கை என் போன்ல வந்து உக்காந்திருக்கு, அவனுக்கே தெரியாது! ஹெல்ப்லைனுக்கு அடிச்சேன், பாட்டுப் போட்டாங்க. சரி, நாமளே தேடுவோம்னு எறங்கிட்டேன். ஆதார் நம்பரும் பொறந்த தேதியும் இருந்தா அந்த சைட்டுக்குள்ள போயிப் பாத்துடலாம். அன்னைக்கு வந்தவங்களை ஒவ்வொருத்தரா ஞாபகப்படுத்தி, போன் பண்ணி, போன் எடுக்காதவங்க வீட்டுக்குப் பாயோட டிவிஎஸ்ஸ எடுத்துக்கிட்டுப் போயி, ஆதார் வாங்கி வாங்கிப் பாத்தேன். முந்திரித்தோப்புக்குள்ள எல்லாம் போயிருக்கேன்க்கா. நாய் தொரத்துச்சு. செருப்பு ஒண்ணு போச்சு. ஒரு எடத்துல லோன்காரன்னு நெனச்சுக் கதவைச் சாத்திட்டாங்க.

நானும் கணக்குப் படிச்சவன்தானே, மூளையை வேற உபயோகப்படுத்தினேன். பத்தாவது மார்க்கை வெச்சு எடுக்கறாங்கன்னா, நானூத்தி அம்பதுக்கு மேல வாங்கினவனுக்குத்தான் வந்திருக்கணும். அதனால பாக்கறவங்களை எல்லாம் மொதக் கேள்வியா 'பத்தாவதுல எத்தனை?'ன்னேன். ஒருத்தரும் நானூறைத் தாண்டல. ஒரு அண்ணன், ரெண்டு புள்ளைக்குத் தகப்பன், 'இந்தக் கேள்வியை எங்கப்பன் செத்ததுக்கு அப்புறம் நீதான்டா கேக்கறே'ன்னு அடிக்க வந்துட்டாரு.

சக்கரபாணின்னு ஒருத்தன், எங்க ஊர்தான். விஷயத்தைச் சொன்னதும் 'என்னோடதுதான்'னுட்டான். மார்க் எவ்ளோடான்னா எரநூத்தி எண்பத்தேழு. ஆதார் அவங்க மாமியா வீட்டுல இருக்கு, எடுத்துட்டு வரட்டும்னு சொன்னேன். எடுத்துட்டு வர்றதுக்கு முன்னாடியே லட்டு வாங்கி ஊரெல்லாம் கொடுத்துட்டான். எனக்கு ரெண்டு. நானும் தின்னேன். அது என் வேலைக்கு நான் தின்ன லட்டுன்னு எனக்கு அப்பத் தெரியாது. ஆதார் வந்துச்சு, பாத்தோம், அவனோடது இல்ல. அவன் இன்னைக்கு வரைக்கும் எங்கிட்ட பேசறதில்ல.

ஆமாக்கா. நீங்க கண்டுபுடிச்சிட்டீங்க. நான் முழுசாச் சொல்லி முடிக்காமலே உங்களுக்கு வெளங்கிருச்சு பாருங்க. எங்கம்மாவுக்கும் வெளங்கிருச்சு.

எட்டாவது நாள் சாயங்காலம் வீட்டுத் திண்ணையில கூட உக்காராம அப்படியே தரையில சாஞ்சிட்டேன். வெய்யில்ல அலைஞ்ச அலுப்பு. எங்கம்மா சோத்தைப் போட்டுட்டு, 'அந்தப் புள்ள கெடைச்சானா?'ன்னுச்சு. 'இல்லம்மா. நானூத்தி அம்பதுக்கு மேல வாங்கினவன் எவனும் இல்ல'ன்னேன். கொழம்பு ஊத்திக்கிட்டே சொல்லுது, 'நீ நானூத்தி அறுபத்தெட்டுல்லடா. ஸ்கூல்ல ரெண்டாவதா வந்தியே. உன்னோடதா இருக்கும்டா.'

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! 'உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு. ரேஷன் கடை மெசேஜ் வந்தாலும் எனக்கு வேலைங்கிறே, கேஸ் கம்பெனி மெசேஜ் வந்தாலும் எனக்கு வேலைங்கிறே. ஊர்ல ஒருத்தன் வாழ்க்கையே போகப் போவுதுன்னு நான் தவிக்கிறேன், உனக்கு வெளையாட்டா இருக்கா?' தட்டைத் தள்ளிட்டு எழுந்திரிச்சிட்டேன். அது தள்ளின தட்டை எடுத்து மூடி வெச்சுது.

போன் கையில இருக்கு. ஆதார் பையில இருக்கு. பொறந்த தேதி தெரியும். அடிச்சுப் பாக்க ஒரு நிமிஷம் ஆகாது. பாக்கலக்கா.

ஒம்போதாவது நாளும் அலைஞ்சேன். பத்தாவது நாளும் அலைஞ்சேன். அஞ்சே முக்காலுக்கு சைட்டை மூடிட்டாங்க. மறுநாள் காலையில இங்க வந்து, இதே சேர்ல உக்காந்து, பாய்கிட்ட வருத்தப்பட்டுக்கிட்டிருந்தேன். எவனோ பாவி, அவன் பொழப்புல மண்ணு விழுந்துருச்சு பாய், அந்தப் பாவம் என்னைச் சும்மா விடாதுன்னு. பாய் கண்ணாடியைத் தொடைச்சுக்கிட்டே கேட்டாரு. 'ஏம்பா, அன்னைக்கு எல்லாரும் போனப்புறம் நீயும்தானே ஒண்ணு போட்டே?'

அப்பத்தான்க்கா என் ஆதார அடிச்சேன். நாலு, நாலு, ஒண்ணு, ஏழு.

'ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழனிப்பானையில விழுமாம் துள்ளி'ம்பாங்கல்ல. விழுந்து கெடந்தேன். பாய் ஷட்டரைப் பாதி எறக்கிவிட்டாரு, நான் அழறது தெருவுக்குத் தெரியாம இருக்கட்டும்னு. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், முப்பத்தி மூணு வயசுல அப்படி அழுதேன். வேலை போச்சேன்னுகூட இல்லக்கா. இந்த ஊர்ல எவனுக்கு வேணாலும் கெடைக்கும்னு நம்பினேன். எரநூத்தி எண்பத்தேழு வாங்கின சக்கரபாணிக்குக்கூடக் கெடைச்சிருக்கலாமோன்னு ஒரு நிமிஷம் நெனச்சேன். என்னை மட்டும் நெனைக்கல. என் பேரு எனக்கு ஞாபகமே வரல.

மேல எழுதிப் போட்டேன். வருந்துகிறோம்னு பதில் வந்துச்சு. அதுல மட்டும் என் பேரைத் தெளிவாப் போட்டிருந்தாங்க.

வீட்டுக்குப் போனா எங்கம்மா, மூணு நாளைக்கு முன்னாடி நான் சண்டை போட்டதெல்லாம் மறந்துட்டு, வாசல்லயே நிக்குது. 'அந்தப் புள்ள யாருன்னு தெரிஞ்சுதா?'ன்னு கேட்டுச்சு. நான் என்ன சொல்வேன்? 'வெளியூர்க்காரன்மா. நேரத்துக்குத் தகவல் போய்ச் சேரல'ன்னேன். அதுக்கு அது சொல்லுது, 'அய்யோ பாவம்டா. அவனப் பெத்தவ எந்தக் கோயில்ல பிராது கட்டிட்டுக் காத்துக் கெடக்காளோ.'

இன்னைக்கு வரைக்கும் சொல்லலக்கா. நீங்க அந்தப் பக்கம் முந்திரி ஒடைக்கிற கொட்டாய்க்குப் போனா, அங்க எங்கம்மாவப் பாத்தா, தயவு பண்ணிச் சொல்லிறாதீங்க. அது மாசத்துக்கு ஒருக்கா எனக்கு வேண்டறப்ப, முகம் தெரியாத அந்தப் புள்ளைக்கும் சேத்து வேண்டிக்குது.

அதுலேருந்துதான் யாருக்கும் என் நம்பர் இல்ல. இன்னொண்ணும் மாத்திட்டேன். எது வந்தாலும் காலையில கடை தொறந்ததும் மொத ஃபாரம் என்னோடது, அப்புறந்தான் ஊரு. இன்னைக்குத்தான் சர்வர் மக்கர் பண்ணிருச்சு. இப்ப வந்துருச்சு பாருங்க. உங்க பொண்ணு வர்றதுக்குள்ள என்னோடத முடிச்சிடவா? இதே வேலைதான், உங்க பொண்ணுக்குப் போடறமே, அதேதான். எனக்கு இது கடைசித் தடவை. அடுத்த ஆடியோட வயசு தாண்டிடும். இல்லக்கா, பொண்ணுக்குப் போட்டியா வர மாட்டேன், எட்டு எடம் இருக்கு.

பேரு, கொளஞ்சிநாதன். தகப்பன் பேரு, ராமலிங்கம், காலமாயிட்டாரு, அதுக்கு ஒரு கட்டம் தனியா இருக்கு. பத்தாவது மார்க், நானூத்தி அறுபத்தெட்டு. பாருங்க, இப்ப தடுமாறாமச் சொல்றேன்.

போன் நம்பரா? இதுலயும் என் நம்பர் இல்லக்கா. எனக்கு எங்கம்மா நம்பர் போட்டிருக்கேன். சிரிக்காதீங்க. அதுக்குப் படிக்கத் தெரியாதுதான், நம்பர் மட்டும்தான் தெரியும். எனக்குப் படிக்கத் தெரிஞ்சு என்னத்தைக் கிழிச்சேன்? அதே மெசேஜ் அது போனுக்கு வந்திருந்தா, மொத நாளே ஓடியாந்து என் தலைமாட்டுல நின்னு 'உனக்குத்தான்டா'ன்னு பிராணனை வாங்கியிருக்கும். நேத்து சிம்மு கம்பெனிக்காரன் ரிங் டோன் வேணுமான்னு அனுப்பினான். அதுக்கு முந்திரிக் கொட்டாய்லேருந்து பாதி வேலையில ஓடியாந்துச்சு.

இருங்க. ஓடிபிக்கு அமுக்கிட்டேன். இப்ப அங்க டிங்குன்னிருக்கும். கையத் தொடைக்கும். கண்ணுகிட்ட வெச்சுப் பாக்கும். பக்கத்துல இருக்கிறவகிட்ட காட்டும்...

பாத்தீங்களா, அடிக்குது. சொன்னேன்ல.

'ஹலோ. சொல்லும்மா... ம்... மெசேஜ் வந்துச்சா?... ஆறு நம்பரா?... மூச்சு வாங்குது பாரு, எதுக்கு ஓடியாறே, அங்கயே நில்லு...'

கேக்குதுக்கா. அதேதான் கேக்குது.

'ஆமாம்மா. எனக்குத்தான் வந்திருக்கு. நீ ஒவ்வொரு நம்பராச் சொல்லு.'